வண்டிப்பாதை பாத்தியம்

அப்போதெல்லாம் புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டங்களுக்கு வண்டிப்பாதைதான் கதி. தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது ரோட்டோர நிலம் சின்னத் தாத்தாவுக்கு; உள்ளே கிடந்த நிலம் எங்களுக்கு. 'வண்டி, மாடு, ஆட்கள் போகவர 12 அடி அகல வண்டிப்பாதை பாத்தியம்' என்று பாகப்பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார் சின்னத் தாத்தா. காசு வாங்கவில்லை. எங்கள் எலுமிச்சை மூட்டைகள் அந்தத் தடத்தில்தான் சந்தைக்குப் போயின. மழைக்காலத்தில் சக்கரம் புதைந்தால் அவரே வந்து தோள் கொடுப்பார்.

இப்போது எங்கள் நிலத்தின் மறுபக்கம் தார்ச்சாலை. லோடு ஆட்டோ தோட்டத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது. பழைய தடத்திலோ சின்னத் தாத்தாவின் பேரனால் ஒரு கன்று நட முடியவில்லை, சொட்டுநீர்க் குழாய் பதிக்க முடியவில்லை. "அண்ணே, லோனுக்குப் போனா வக்கீல் அந்த வரியத்தான் காட்டுதாரு" என்றான்.

வேறு வழியே இல்லாததால் கிடைத்த பாதை என்றால், அவசியம் தீர்ந்ததும் உரிமையும் தீரும் என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாதைக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டிலிருந்து போன பாதை வழக்கொன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆகவே புது ரோடு வந்ததால் மட்டும் எங்கள் பாத்தியம் ஒழியவில்லை. நாங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்தால் ஒழியும்.

"சும்மா எதுக்கு விடணும்? சென்ட் என்ன விலை போகுது!" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அந்த மண் என்றுமே எங்களுடையதல்ல. அதில் போய்வரும் உரிமைதான் எங்களுடையது. அண்ணன் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்று தம்பி சும்மா கொடுத்ததற்கு நாம் விலை பேசுவது அநியாயம் என்றேன். அம்மாவும் அதையே சொன்னாள்.

விடுதலைப் பத்திரத்தில் சர்வே எண், நான்கெல்லை, பாதையின் நீள அகலம், பழைய பாகப்பத்திர எண் எல்லாம் எழுதினோம். வெளியூரிலிருந்து தங்கையும் வந்து கையெழுத்துப் போட்டாள். பங்குள்ள ஒருவர் விடுபட்டாலும் வில்லங்கம் மிச்சமிருக்கும்.

தேவைக்குக் கொடுத்த வழியைத் தேவை தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பதே முறை. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால், வண்டியையே பார்த்திராத பேரப்பிள்ளைகள் வண்டிப்பாதைக்காகக் கோர்ட்டு வாசலில் பகையாளிகளாக நிற்பார்கள்.