ஹாரன் அடிக்கும் சுதந்திரம்

கேள்வி: 'முற்போக்கு அரசியல் தனிமனித சுதந்திரத்தைப் பறிக்கிறது' என்று கனடாவின் பழமைவாதிகள் புலம்புவதில் நியாயம் உண்டா?

பதில்: பாதி உண்டு. 2022 பிப்ரவரியில், கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துத் தலைநகர் ஒட்டாவாவில் லாரிகளை நிறுத்தி ஹாரன் அடித்தவர்களை அடக்க நெருக்கடிச் சட்டத்தையே எடுத்தது அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் அரசு. சிலரின் வங்கிக் கணக்குகளும் முடங்கின. அந்தச் சட்டத்தை எடுத்தது நியாயமற்றது என்று 2024-இல் கூட்டாட்சி நீதிமன்றமே சொன்னது. (2018-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியவரும் இதே ட்ரூடோதான்; அந்தச் சுதந்திரம் மட்டும் பழமைவாதிகளுக்குக் கசந்தது!)

மீதிப் பாதி? 16 வயதுக்குட்பட்ட மாணவர் தன் பாலின அடையாளத்துக்கேற்ற பெயரைப் பள்ளியில் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்று 2023-இல் சட்டம் போட்டது சஸ்காட்செவன் மாகாணத்தின் பழமைவாத அரசு. வழக்கிலிருந்து தப்பிக்க, உரிமைச் சாசனத்தின் 33-ஆம் பிரிவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது. லாரிக்காரர் ஹாரன் அடிக்கலாம். பள்ளிப் பிள்ளை பெயர் சொல்லத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும்.