கரிசல்காட்டு நாய் மணியின் ஆளுமை: ஒரு பன்முகப் பார்வை

ஆய்வு எல்லை: எங்கள் வீட்டுத் திண்ணை முதல் கம்மாய்க்கரைப் படப்பு வரை. ஆய்வுப் பொருள்: மணி. நிறம் செவலை. இனம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விருதுநகர்ப் பக்கம் எந்த நாயைக் காட்டிக் கேட்டாலும் 'பாதி சிப்பிப்பாறை' என்பார்கள். மணியில் அது எந்தப் பாதி என்பதை இதுவரை எவரும் நிறுவவில்லை.

மணியைக் குட்டியாக எடுத்துவந்தோம் என்று எழுதப் பயமாக இருக்கிறது. நாயின் இளமைப் பெயர் குருளை என்கிறது தொல்காப்பிய மரபியல். சற்றுத் தள்ளி, குட்டி என்றாலும் தடையில்லை என்று விட்டுக்கொடுக்கவும் செய்கிறது. அந்த நூற்பா வரைக்கும் படித்த புறத்தேர்வாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

குரைப்பு: டி.வி.எஸ். 50-க்கு உண்டு. திருடனுக்கு இல்லை.

உணவு: நாங்கள் வைக்கும் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடும். "அதுக்கு வயிறு சரியில்ல" (பெரியம்மா, திண்ணை, முதல் வெற்றிலை). "பசியே கிடையாது, சாமியார் பிறவி" (மேலது, இரண்டாம் வெற்றிலை). "ஒங்கம்மா வைக்கிற கொழம்ப மனுசனே திங்கமாட்டான்" (மேலது, திருத்திய பதிப்பு, சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்த நிலையில், அம்மா கொல்லையில் இருப்பதை எட்டிப்பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்).

வால்: 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைக் கூண்டில் நிறுத்திப் பார்த்தார்கள். வளர்த்தவரைக் கண்டால் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறதாம். முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம். மணி எனக்கு வாலாட்டியதே இல்லை. தரவு இன்மையால் இவ்வியல் இங்கே முற்றுப்பெறுகிறது.

இனி, இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம்.

செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் உள்ள அறிஞர்கள் 70 நாய்களின் பின்னால் இரண்டு ஆண்டுகள் நடந்து, அவை வெளிக்குப் போனதை 1,893 முறை குறித்துக்கொண்டார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு தெற்காகவே உட்காருகின்றன என்று 2013இல் முடிவு வெளியிட்டார்கள். மறு ஆண்டு இதற்கு இக்நோபல் பரிசும் கிடைத்தது. இது என் கற்பனை என்று எண்ண வேண்டாம். எனக்கு அவ்வளவு கற்பனை இருந்தால் ஆய்வுப் பக்கம் ஏன் வருகிறேன்?

செல்போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு ஒன்பது நாள் விடியலில் மணியைப் பின்தொடர்ந்தேன். முதல் நாள் தென்மேற்கு. இரண்டாம் நாள் வடகிழக்கு என்று குறிப்பதற்குள் எழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பாதியில் திரும்பி என்னையே பார்த்தது. பிறகு படப்புக்குப் பின்னால் போய்விட்டது. நான்காம் நாள் முதல் படப்பையும் தாண்டிப் போயிற்று. கம்மாய்க்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "ஏலே, நாய்க்கே கூச்சம் இருக்கு. படிச்ச பயலுக்கு இல்லையே" (பெரியம்மா, மேலது, அதே வாய், வேறு வெற்றிலை, தெருக் குழாயடியில் ஏழு குடங்கள் முன்னிலையில் வாசிக்கப்பெற்றது).

ஒன்பதாம் நாள் ஆய்வு எல்லையை மீறி வாத்தியார் வீட்டுக் கொல்லைவரை போக நேர்ந்தது. அங்கே மணி முன்னங்காலைத் தூக்கி வாத்தியார் மகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நக்கித் தீர்த்த கறிக்குழம்புச் சட்டி.

"அண்ணே, எங்க டாமிய எதுக்குப் போனும் கையுமா வெரட்டுறீங்க?" என்றாள் அவள்.

மணி திரும்பி என்னைப் பார்த்தது. முதன்முறையாக வாலை ஆட்டியது. திசைகாட்டியை மூடிவிட்டுக் கவனித்தேன். இடப்பக்கம்.