பூவரச இலைக்குச் சில்லறை இல்லை

வாரும் மருமகனே, வாரும். மூஞ்சியப் பாத்தா பால்வாடி டீச்சர்கிட்ட மல்லுக்கட்டிட்டு வந்த மாதிரில்லா இருக்கு. இப்படித் திண்ணையில உட்காரும். வெத்தலை போடுதீரா? வேண்டாமா, சரி. எனக்குப் பல்லு இல்ல, உமக்குப் பொறுமை இல்ல. ரெண்டு பேருக்குமே வெத்தலை சரிப்படாது.

என்ன குறை உமக்கு? ரெண்டரை வயசுப் பையன் மூணு மாசமா பால்வாடிக்குப் போறான். ஏபிசிடி தெரியல, ஒண்ணு ரெண்டு எழுத வரல, வீட்டுக்கு வந்தா டவுசர் நிறைய மண்ணு. "இன்னைக்கு என்னலே படிச்ச"ன்னு கேட்டா "டுர்ர்ர்"ங்கான். நியாயந்தான். ரெண்டரை வயசுல ஒரு ஆளு இவ்வளவு பொறுப்பில்லாமலா திரியிறது? நீரெல்லாம் அந்த வயசுலயே வட்டிக் கணக்கு பாத்த ஆளு. எனக்குத் தெரியாதா? இதே தெருவுல, டவுசரே இல்லாம, கோழிக்குப் பின்னால ஓடுன உம்மப் பிடிச்சு உங்க அம்மை கையில குடுத்தவனே நாந்தான்.

அதனால ஒரு வழி சொல்லுதேன், கேளும். முதல்ல பையன்கிட்ட இருந்து மண்ணப் பிடுங்கும். அடுத்து தண்ணி. சிரட்டை, அகப்பை, செப்புச் சாமான், பனங்காய் வண்டி எல்லாத்தையும் பரண்ல ஏத்தும். பிள்ளையச் சுவரோரமா உட்கார வச்சு ஒரு பென்சிலக் குடும். மாவு உருட்டி, மண்ணு பிசைஞ்சு, டப்பா மூடியத் திருகித் திருகித்தான் அந்த விரலுக்குப் பலம் ஏறணும். ஏறலைன்னா என்ன, அதட்டி ஏத்திருவோம். பச்ச மிளகாய்க்குச் சிவப்புச் சாயம் அடிச்சு வத்தல்னு சந்தைக்குக் கொண்டு போனா வாங்க மாட்டானா?

எனக்கு வேலைவெட்டி கிடையாது. பேத்திய விடப் போனா பால்வாடி வாசப்படியிலயே உட்கார்ந்துருவேன். ஆயாம்மா ரெண்டு நாள் விரட்டிப் பாத்துச்சு, அப்புறம் எனக்கும் சேத்துக் கூட்டிப் பெருக்கப் பழகிட்டு. நேத்து டீச்சர் பொண்ணு ஒரு அகலச் சட்டியில தண்ணி வச்சுது. கூட ரெண்டு தம்ளர், ஒரு கண்ணுச் சிரட்டை. எம் பேத்திக்கு இன்னும் மூணு நிறையல. சிரட்டையில மோந்து தம்ளர்ல ஊத்தப் போறா, தம்ளர்கிட்ட வாரதுக்குள்ள தண்ணி பூரா கால்ல. மறுபடி மோந்தா, மறுபடி கால்ல. நானா இருந்தா சிரட்டையத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவ அதத் திருப்பிப் பிடிச்சா, ஓட்டையப் பாத்தா, அந்தப் பக்கம் என்னைய ஒரு கண்ணால பாத்தா. பிறகு ஓட்டையில விரல வச்சா. வச்ச விரலோட மோந்தா, தண்ணி நின்னுச்சு! விரல எடுத்தா, ஒழுகுச்சு. வச்சா, நின்னுச்சு. பத்து தடவைக்கு மேல இருக்கும். நம்ம கம்மாய் மடை ஒழுகுதேன்னு வந்தவுக ஏழு வருசமா எஸ்டிமேட்டு போடுதாக. அடுத்த தடவை வந்தா இவளக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.

அவ்வளவு நேரமும் டீச்சர் வாயத் திறக்கல. "ஏம்மா, சும்மா இருக்கதுக்கா சம்பளம்?"னு கேட்டேன். "சும்மா இருக்கதுதான் தாத்தா இதுல கஷ்டமான வேலை"ன்னுச்சு. ஓட்டைய அடைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ அடைச்சிருப்பா. ஆனா அது டீச்சர் கண்டுபிடிச்சதால்லா ஆயிரும்?

சுவிட்சர்லாந்துல பியாஜேன்னு ஒருத்தரு இருந்தாராம், டீச்சர்தான் சொல்லுச்சு. பெத்த பிள்ளைக மூணையும் கைக்குழந்தையில இருந்தே பாத்துப் பாத்துப் புத்தகமா எழுதித் தள்ளியிருக்காரு. நான் பாத்தா வெட்டி ஆளு, அவரு பாத்தா மேதை. இருக்கட்டும். குட்டைத் தம்ளர்ல இருக்க தண்ணிய அப்படியே ஒரு ஒடுங்குன நெட்டைத் தம்ளர்ல மாத்தி, எதுல ஜாஸ்தின்னு கேட்டா, நாலஞ்சு வயசுப் பிள்ளைகள்ல முக்காவாசி நெட்டைதான்னு சொல்லும்னு கண்டு சொன்னவரு அவருதான். ஏழு வயசு வாக்குலதான் அந்தத் தெளிவு வருமாம். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில உமக்கு எந்தத் தம்ளர்ல குடுத்தான், யோசிச்சுப் பாரும்.

உம்ம பையன் யாரோடயும் சேரமாட்டேங்கான்னு வேற வருத்தமா? பக்கத்துல ஒரு பய மண்ணக் குமிக்கான், இவனும் தனியாக் குமிக்கான், ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கல. இந்த வயசுக்கு அதுதான் கூட்டாளித்தனம். பாக்காத மாதிரி இருந்தாலும், அந்தப் பய குமியல்ல குச்சிய நட்டதும் இவனும் ஒரு குச்சி தேடுனானா இல்லையா? இந்தத் திண்ணையில நாங்க மூணு கிழடு உட்கார்ந்து பேசுதோமே, கேட்டுப் பாத்திருக்கீரா? ஆளாளுக்கு ஒரு கதை ஓடும், எவனும் எவன் சொல்றதையும் கேக்கமாட்டான். சாயந்தரம் ஒருத்தன் வரலைன்னா மட்டும் மத்த ரெண்டு பேருக்கும் சோறு இறங்காது.

கவர்மெண்டு இடம்னா இப்படித்தான் இருக்கும்னு டீச்சர்கிட்டயே சொன்னீராமே. சரியாச் சொன்னீரு. 1975ல, அக்டோபர் ரெண்டாந் தேதி ஆரம்பிச்ச திட்டம். அதுல இந்தப் பால்வாடிக்கு அங்கன்வாடின்னு பேரு வச்சதுலயே தப்பு. வடக்க ஆங்கன்னா வீட்டு முத்தம், நம்ம பக்கம் அங்கணம்னா ஏனம் கழுவுற இடம். எந்த அர்த்தத்துல எடுத்தாலும் பிள்ள அங்க போயி ஈரமாத்தான வரும்? போதாக்குறைக்கு நம்ம தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'ன்னு பேரு. 'உட்கார்ந்து எழுது பாப்பா'ன்னு மாத்தச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதும். நான் கைநாட்டு வைக்கேன்.

இன்னொருத்தர் கதையையும் டீச்சர் சொல்லுச்சு. குஜராத்துல கிஜுபாய்னு ஒரு வக்கீலு. தனக்கு ஒரு மகன் பிறந்த பிறகு, இவனை அடி உதை இல்லாம எங்க படிக்க வைக்கன்னு தேடப் போயி, கோர்ட்டையே விட்டுட்டாரு. 1920ல பாவ்நகர்ல பால மந்திர்னு ஆரம்பிச்சு, கதை, பாட்டு, மண்ணு, தோட்டம்னு பிள்ளைகளோடவே கிடந்தாரு. ஊர்ல அவருக்கு 'மீசை வச்ச அம்மா'ன்னே பேரு. உமக்கும் மீசை நல்லாத்தான் இருக்கு, மருமகனே. அதுவரைக்கும் பொருத்தம்.

கோவிச்சுக்காதேயும். உம்ம பையன் ஒண்ணும் படிக்கலைன்னு சொன்னீருல்லா, அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிருதேன். முந்தாநாள் அம்மா-அப்பா விளையாட்டு நடந்துச்சு. டிரைவர் மக அம்மா. ஒரு மரக்கட்டைய எடுத்துக் காதுல வச்சு, "சார், வெள்ளிக்கிழமை கட்டிருதோம் சார், இந்த ஒரு தவணை மட்டும் சார்"ங்கா. அவுக வீட்டுல குழுக் கடன் ஓடுறது அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரியும். உம்ம பையன் அப்பா. அவனும் ஒரு கட்டைய எடுத்தான், பாய்ல மல்லாக்கப் படுத்தான், கட்டை மேல பெருவிரல மேலயும் கீழயும் தேய்க்க ஆரம்பிச்சான். அந்தப் பிள்ள செப்புல சோத்த வச்சுக்கிட்டு "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க"ன்னு நாலு தடவை கூப்பிட்டா. திரும்பிப் பாக்காம, "இரு... வாரேன்"னான் பாரும்! உம்ம குரலு, உம்ம இழுப்பு, ஒரு அட்சரம் பிசகல. கட்டைய ஃபோன்னு நினைச்சு ஆட மூளையில எவ்வளவு வேலை நடக்கணும் தெரியுமான்னு டீச்சர் பூரிச்சுப் போச்சு. பாடம் நடத்துன வாத்தியார் யாருன்னு நான் சொல்லல. எனக்கு எதுக்குப் பொல்லாப்பு?

எங்க எந்திரிக்கீரு? இரும், நானும் அந்தப் பக்கந்தான் போறேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாலு குட்டி நாற்காலி, முன்னால ஒரு தாம்பாளத்தட்டு ஸ்டியரிங், எம் பேத்தி கண்டக்டர். நேத்து டிக்கெட்டுக்கு ஒரு கூழாங்கல்லு குடுத்தேன், "சில்லறை இல்லையா, இறங்குங்க"ன்னு நடுவழியில இறக்கி விட்டுட்டா. பூவரச இலைதான் செல்லுமாம். எனக்குக் கை எட்டல மருமகனே, நீரு கொஞ்சம் எக்கி அந்தக் கொப்ப வளையும். பழுத்தது வேண்டாம், அதக் கிழிஞ்ச நோட்டுன்னு தள்ளிருவா. பச்சையா ரெண்டு பறியும். உமக்கும் ஒண்ணு பறிச்சுக்கிடும்.