பக்கத்து விமானத்தில் கேமரா

கே: பறந்துகொண்டே இன்னொரு குட்டி விமானத்தைப் படம் எடுப்பது அவ்வளவு கஷ்டமா? பக்கத்தில் போய் க்ளிக் பண்ணினால் போதாதா?

ப: பக்கத்தில் போவதுதானே கஷ்டம்! போன பிறகும் சிக்கல்தான்: ஷட்டர் வேகம் விநாடியில் 2000-ல் ஒரு பங்கு என்றால் படம் துல்லியம். ஆனால் புரொப்பல்லர் அசையாமல் நிற்கும். பைலட்டின் அம்மா பார்த்தால், 'இன்ஜின் நின்னுடுச்சா?' என்று பதறுவார். 125-ல் ஒரு பங்குக்குக் குறைத்தால் புரொப்பல்லர் அழகாகச் சுழலும். கூடவே நம் கைநடுக்கமும் பதிவாகும். நெருங்கிப் பறப்பதற்கோ, யார் முன்னால், யார் எந்தப் பக்கம் விலகுவது என்பதையெல்லாம் தரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். 1966 ஜூன் 8-ல் கலிபோர்னியா வானில் விளம்பரப் படத்துக்காக ஜெட்கள் நெருங்கிப் பறந்தபோது, எஃப்-104 போர் விமானம் ஒன்று எக்ஸ்பி-70 குண்டுவீச்சு விமானத்தின் மீது மோதி இரண்டு பைலட்கள் இறந்தார்கள். படம் கிட்டத்தில் வேண்டுமானால் லென்ஸை நீட்டுங்கள், விமானத்தை நெருக்காதீர்கள்!