வித்தியாசம் தெரியுதா?

என் காரின் பின் சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து வந்த சித்தப்பா, இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா, ஷாக் அப்சார்பர் போயிடுச்சா?”

நேற்று சாயங்காலம் கேட்டது. இன்னும் எரிகிறது. போகவில்லை சித்தப்பா, இப்போதுதான் வந்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி, இறக்குமதி வரி கட்டி, போன வாரம்தான் நாலு சக்கரத்துக்கும் மாட்டியிருக்கிறது. விலையைச் சொன்னால் அப்பாவுக்குப் போன் போட்டுவிடுவார் என்பதால், “பார்க்கணும் சித்தப்பா” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அவர் அம்பாசடரில் வாழ்ந்தவர். பின்னால் லீஃப் ஸ்பிரிங், முன்னால் டாஷ்போர்டு பிள்ளையார். ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே போகும். அதற்குப் பெயர் சொகுசு. அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் ஷாக் அப்சார்பர், அதாவது டேம்பர், என்ற ஒன்றே இருக்கிறது என்று அவரிடம் யார் சொல்வது?

எந்த டேம்பர் வாங்கலாம், அது எந்த ஸ்பிரிங்கோடு ஒத்துப்போகும் என்று உங்களுக்கு உருப்படியாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று.

காரில் எதையாவது மாற்றியவன், பக்கத்து சீட்டில் அகப்பட்டவரிடம் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். நீங்களே கேட்டிருப்பீர்கள். “வித்தியாசம் தெரியுதா?”

முதலில் மனைவியிடம் கேட்டேன். “தெரியுதே, ஏசி நல்லா கூலா இருக்கு” என்றாள். அலுவலக நண்பர் பண்பாளர். “செம சார், அப்படியே மிதக்குது” என்றார். கார் அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. டேம்பரின் பட்டனை ‘கம்ஃபர்ட்’டிலிருந்து ‘ஸ்போர்ட்’டுக்கு மாற்றிவிட்டு மகளிடம் கேட்டேன். “தெரியுதுப்பா, மீட்டர் சிவப்பாயிடுச்சு.” நியாயமாகப் பார்த்தால் இதுவரை எனக்குக் கிடைத்த ஒரே சரியான பதில் இதுதான். ஸ்பிரிங்கும் மாற்றி 20 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன் என்பதை அம்மா கோயில் வாசலில் கண்டுபிடித்தாள். “கிணத்துலேருந்து ஏறி வர்ற மாதிரி இருக்குடா” என்று என் தோளைப் பிடித்து ஏறி வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டோவில் போய்விட்டாள். எங்கள் வாட்ச்மேனுக்குக் காரில் ஏற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. “என்னா சார், வண்டி குந்திக்கினு நிக்குது? காத்து இல்லியா?”

மச்சான் என்ஜினியர். முறைப்படி சோதனை செய்ய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான். நான் பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினேன். அவன் ‘ஸ்போர்ட்’ என்றபோதெல்லாம் ‘கம்ஃபர்ட்’ ஓடியது. கண்ணைத் திறந்து கொஞ்சமும் அசராமல், “அத்தான், உங்களுக்கு வயரை மாத்திக் குடுத்துட்டாங்க” என்றான். அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாற்றவில்லை. எல்லா வித்தியாசமும் தெரிகிற ஒரே ஆள் மெக்கானிக்தான். “வளைவுல சாயவே மாட்டேங்குது பாருங்க சார்!” தெரியாமல் என்ன, பில்லைப் போட்டவரே அவர்தானே. வழி சொல்லும் ஜி.பி.எஸ். அம்மாள் ஒருத்தியைத்தான் இன்னும் கேட்கவில்லை.

அந்தப் பட்டன் ஸ்பிரிங்கைத் தொடுவதே இல்லை. டேம்பருக்குள் எண்ணெய் போகும் துவாரத்தை ஒரு மின்வால்வு சுருக்கும், விரிக்கும், அவ்வளவுதான். சென்சார்கள் சக்கரம் எவ்வளவு தூக்கிப்போட்டது என்று சொல்ல, கார் கணித்து முடிக்க, எல்லாம் கண்ணிமைக்கும் முன்னே நடக்கிறது. எண்ணெயில் இரும்புத்தூள் கலந்து, மின்காந்தத்தால் அதைக் கெட்டியாக்கும் வகையும் உண்டு. 2002-இல் காடிலாக் செவில் காரில் வந்தது. இதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுச் சாதா டேம்பர் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், பட்டன் செத்துப்போகும். அதனால்தான் பழைய வயரிலேயே சேருகிற டேம்பராகப் பார்த்து வாங்கினேன். வித்தியாசம் தெரியாவிட்டாலும் பட்டன் வேண்டும்.

ஸ்பீக்கர் செய்யும் போஸ் நிறுவனம் 1980-இல் இந்த வம்பில் இறங்கியது. டேம்பருக்குப் பதில் சக்கரத்துக்கு ஒரு மின்காந்த மோட்டார். 2004-இல் காட்டினார்கள். கார் வளைவில் சாயவில்லை, மேட்டில் குலுங்கவில்லை, குறுக்கே கிடந்த கட்டையை எம்பிக் குதித்தே தாண்டியது. எந்தக் காரிலும் விற்பனைக்கு வரவில்லை. அந்த வித்தை கடைசியில் லாரி டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தெருவுக்குக் குதிக்கிற கார்தான் சரி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஸ்பீடு பிரேக்கருக்கு அளவு வைத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஓர் ஆட்டோ முழுசாக அதன் மேல் நிற்கலாம். எங்கள் தெருவில் இருப்பதன் மேல் ஆட்டோவின் ஒரு சக்கரம் நின்றால் அதிகம். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மிச்சக் கலவையைக் கொட்டிக் கட்டியது. வெள்ளைக் கோடும் கிடையாது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் ஒப்பந்தக்காரருக்கு அந்தக் காகிதம் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. தார் மேல் தார் போட்டு, பாதாளச் சாக்கடை மூடிகளெல்லாம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன, வீடுகளும்தான். வாசல்படி இறங்கி வீட்டுக்குள் போகிற ஊரில் எந்த டேம்பர் வந்து என்ன செய்யும்? சக்கரம் முழங்காலளவு இறங்கிய பிறகு, அது ஒரு நொடியில் எத்தனை முறை கணக்குப் போட்டாலும் விடை ‘டங்’தான்.

டயரை மாற்றியிருந்தாலே பாதி சரியாகியிருக்குமே என்பார்கள். பக்கச்சுவர் விறைத்த ரன்-ஃபிளாட்டைக் கழற்றிச் சாதா டயர், ரிம்மும் ஒரு இஞ்ச் சின்னது. உண்மைதான். ஆனால் டயருக்குப் பட்டன் கிடையாது.

கார் அருமையாக இருக்கிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வாருங்கள், ஈ.சி.ஆரில் உத்தண்டி தாண்டிக் காட்டுகிறேன். சுங்கச்சாவடிக் கட்டணம் உங்களுடையது.