கிராஞ்சி லாரிப் பயணத்தைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம்



2024ஆம் ஆண்டில் ஒரு கோடியே 65 லட்சம் வெளிநாட்டுப் பயணிகளை இந்தச் சின்னத் தீவுக்கு வரவழைத்தவர்கள் நீங்கள். மரினா பே, செந்தோசா, இரவில் ஓடும் பந்தயக் கார் என்று காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டீர்கள். முதுகுப்பையோடு நாடு நாடாகத் திரியும் இளைஞர் கூட்டம் மட்டும் உங்கள் கைக்குள் நிற்பதில்லை. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ஒரு படுக்கை எடுத்து இரண்டு இரவு தங்குகிறார்கள். ஊர் சுத்தமாக இருக்கிறது, விலை அதிகமாக இருக்கிறது, சாகசம்தான் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி 170ஆம் எண் பேருந்தைப் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போய்விடுகிறார்கள். கரடுமுரடான சாலைப் பயணம் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது என்பது அவர்கள் எண்ணம். அது தவறு என்று எடுத்துச் சொல்லவே இந்த விண்ணப்பம். அவர்கள் பேருந்துக்கு நிற்கும் அதே கிராஞ்சியில், விடியற்காலையில், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளின் வாசலிலிருந்து லாரிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. பின்பக்கம் திறந்த வண்டி, முதுகில் பை, மடியில் சோற்றுப் பொட்டலம், முகத்தில் காற்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

சாலையில் படும் அவதிக்கு உலகச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தையில் சிங்கப்பூருக்குப் பழைய பங்கும் இருக்கிறது. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு, ஆறு மாதம் கழித்து 1956 மார்ச்சில் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூர்தான். அப்போது பிபிசியில் இருந்த டேவிட் அட்டன்பரோ அவர்களுக்குப் படச்சுருள் கொடுத்தார். பயணம் தொலைக்காட்சியில் வந்தது, புத்தகமாகவும் வந்தது. 2019இல் அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றைப் பழுதுபார்த்து, இங்கிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டியும் காட்டினார்கள். முதுகுப்பைக்காரர்களின் வேதப்புத்தகமாகிப்போன லோன்லி பிளானட்டின் தென்கிழக்காசிய வழிகாட்டியை வீலர் தம்பதி 1975இல் எழுதி முடித்ததும் இந்த ஊரில் ஒரு சின்ன சீன ஹோட்டல் அறையில்தான். (அதே காலத்தில் நீண்ட தலைமுடியோடு வந்த ஹிப்பிகளை, முடியை வெட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் திரும்பிப் போ என்று குடிநுழைவில் நிறுத்தினோம். அதையும் அவர்கள் சாகசக் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள்.) இன்றைக்கும் நைரோபியிலிருந்து கேப்டவுன் வரை மாற்றியமைத்த லாரியில் வாரக்கணக்கில் குலுங்கிக்கொண்டு போக ஐரோப்பியர்கள் காசு கட்டுகிறார்கள். தாய்லாந்திலும் லாவோஸிலும் சிறிய லாரியின் பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட சோங்தேவில் ஏறி, அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரிலேயே மேற்கூரையில்லாப் பேருந்துக்குச் சீட்டு விற்கிறோம். திறந்த வண்டிக்கு இங்கே கிராக்கி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நம்மிடம் இருக்கும் சரக்கின் தரத்தையும் பாருங்கள். லாரித் தளத்தில் உட்கார்ந்துபோகும் ஒருவருக்கு விதிப்படி 8 சதுர அடி இடம் தர வேண்டும். முன்பு 4 சதுர அடியாக இருந்ததைப் பெரிய மனதோடு இரட்டிப்பாக்கினோம். மலிவுவிலை விமானத்தில் ஓர் இருக்கைக்குக் கிடைக்கும் இடத்தை அளந்தால் 4 சதுர அடிகூடத் தேறாது. விமானத்தைவிடக் கால் நீட்ட வசதியுள்ள வண்டி இது என்று நீங்கள் தாராளமாக விளம்பரம் செய்யலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது. தளத்தைச் சுற்றி உயரமான கம்பித் தடுப்பு, மேலே கூரை, மழைக்குத் திரை எல்லாம் சட்டமாகியிருக்கின்றன. ஓட்டுநர் கண் அயராமல் பார்த்துக்கொள்ள ஒரு துணையாளும் உண்டு. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பது வண்டியின் உடம்பிலேயே எழுதியிருக்கும். வழித்தடமும் குறைவில்லாதது. 1994இல் திறந்த, கிராஞ்சியின் பெயரையே தாங்கிய 8.4 கிலோமீட்டர் விரைவுச்சாலை வழியாக, பாதி உறக்கத்தில் இருக்கும் தீவை முழுக்கப் பார்த்துக்கொண்டு போகலாம். இருக்கைவார் ஒன்றுதான் இல்லை. தளத்தில் இருக்கையே இல்லாதபோது வாரை எதில் கட்டுவது என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி.

வழிகாட்டிகளைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதும் இல்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகிய மூன்றில் மட்டுமே 4 லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்தும் வங்காளதேசக் கிராமங்களிலிருந்தும் ஒற்றைப் பையோடு, முன்பின் பார்த்திராத நாட்டுக்கு, மொழி தெரியாமல் வந்தவர்கள். தூரதேசப் பயணத்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? நிலத்தையும் நகையையும் அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவ்வளவு பணத்தை ஒரே பயணத்தில் பணயம் வைத்த முதுகுப்பைக்காரர் ஐரோப்பாவில் அதிகம் இருக்க மாட்டார். வழிகாட்டிக்கு உத்தரவாதம் வேண்டுமென்றால், மலேசியர் அல்லாத ஒவ்வோர் ஊழியருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கொடுக்கிறார். ஊருக்குள்ளேயே விசா வாங்கிய அனுபவமும் அவர்களுக்கு உண்டு. 2022 ஜூன் முதல் 2023 அக்டோபர் வரை, விடுதியில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் லிட்டில் இந்தியாவுக்குப் போக மனிதவள அமைச்சிடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 80,000 அனுமதிகள் வரை ஒதுக்கினார்கள். கிராஞ்சியிலிருந்து தேக்காவுக்குப் போவதையே வெளிநாட்டுப் பயணமாக மாற்றிக் காட்டிய நாடு வேறு எங்கே இருக்கிறது?

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். உங்கள் அதிகாரிகள் முதலில் சொல்லப்போவது, சுற்றுப்பயணிகளுக்கு இது ஆபத்து என்பது. எனக்கு இது விளங்கவில்லை. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிவந்த லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர், மற்றவர் வங்காளதேசி. 2023 ஜூலையில் அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளில் 37 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அமைப்புகள் பல கூடி, லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்தக் காலக்கெடு கேட்டன. அரசாங்கம் நிதானமாக ஆராய்ந்து, பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன, முன்னைவிட விபத்துகள் குறைந்திருக்கின்றன, முழுத் தடை இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்துவராது என்று பதில் சொன்னது. ஆக, வேலை முடிந்து அசதியில் தூங்கி வழியும் ஓர் ஆளுக்கு, வாரத்தில் ஆறு நாள், இருவேளையும் இந்தப் பயணத்தை அனுமதிக்கலாம் என்பது அதிகாரபூர்வ நிலைப்பாடு. அப்படியானால் நன்றாகத் தூங்கி எழுந்து, பயணக் காப்புறுதியும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை ஏறிப் பார்க்கும் சுற்றுப்பயணிக்கு என்ன ஆகிவிடும்? விபத்து குறைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஒப்பீடு நேற்றைய லாரிக்கும் இன்றைய லாரிக்கும் இடையே செய்யப்படுகிறது. லாரியைப் பேருந்தோடு ஒப்பிட்டால் கணக்கு எப்படி வரும் என்பதைச் சுற்றுப்பயணி கேட்டாலும் கேட்பார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து சட்டத்தைக் காட்டுவீர்கள். சரக்கு வண்டியின் பின்தளத்தில் பொதுவாக ஆட்களை ஏற்றக்கூடாது என்கிறது சாலைப் போக்குவரத்துச் சட்டம். அந்த வண்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியர்களை ஏற்றலாம், அவசரத்தில் நோயாளியை ஏற்றலாம் என்று விலக்கும் அளிக்கிறது. நோயாளிக்கு விலக்கு ஏன் என்பது புரிகிறது. ஆபத்தின் உச்சத்தில் வேறு வழியில்லை. ஊழியருக்கு அதே விலக்கு தினசரி வழக்கமாக நீடிப்பதற்கும் ஏதோ நுட்பமான காரணம் இருக்கத்தான் வேண்டும். இதே சாலையில் காரில் போகும் எல்லோருக்கும் வார் கட்டாயம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளையென்றால் அதற்கேற்ற தனி இருக்கை வேண்டும். பந்தயக் குதிரையை ஏற்றிப்போக உலகெங்கும் தடுப்பு வைத்த தனி வண்டி இருக்கிறது. கிராஞ்சிக்கு இது தெரியாததல்ல. 2024 அக்டோபர் 5ஆம் தேதி இங்குள்ள பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடும்வரை குதிரைகள் இங்கேதான் இருந்தன. சட்டத்தின் பார்வையில் மனித உடம்பு எல்லாம் ஒன்றுதான், சில உடம்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்றால், அந்த விலக்கில் சுற்றுப்பயணியையும் சேர்த்துவிடுங்கள். ஒரு வரித் திருத்தம் போதும்.

மூன்றாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. ஊழியர்கள் தெரிந்தேதான் வந்தார்கள், ஊரில் இதைவிட மோசமான வண்டியில் போயிருக்கிறார்கள், புகார் எதுவும் சொல்வதில்லை என்பார்கள். நம் தமிழர்கள் சிலரே, காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைச் சொல்லக் கேட்கலாம். புதுக்கோட்டையில் டிராக்டரில் போனவர்தானே என்ற வாதம், சிங்கப்பூருக்குப் புதுக்கோட்டைதான் அளவுகோல் என்று ஒப்புக்கொள்கிறது. வேறு எந்த விஷயத்திலும் நாம் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. புகார் சொல்வதில்லை என்பதை எடுத்துக்கொண்டால், பெர்மிட்டும் படுக்கையும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் முதலாளி கையில் இருக்கும்போது, லாரியில் ஏற மாட்டேன் என்று காலை ஐந்து மணிக்கு ஒருவர் எப்படிச் சொல்வார், யாரிடம் சொல்வார்? சோங்தேவின் கூரையில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வண்டி நிற்கும், இறங்கிக்கொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் மறுநாள் பேருந்தில் போகலாம். லேண்ட் ரோவரில் வந்த மாணவர்கள் ஆறு பேரும் துருக்கியிலேயே சலித்துப்போய்த் திரும்பியிருந்தாலும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் பட்ட புழுதிக்கும் குலுக்கலுக்கும் சாகசம் என்ற பெயர் ஒட்டியது அதனால்தான். இறங்க முடியாதவர் படும் அதே குலுக்கலுக்கு நம் கோப்புகளில் ‘ஊழியர் போக்குவரத்து’ என்று பெயர். நான் முன்வைக்கும் திட்டத்தின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரே லாரியில் பாதி இடத்தைச் சுற்றுப்பயணிக்குக் கொடுத்தால், ஒரே மழையில் ஒருவர் சாகசத்தில் நனைவார், பக்கத்தில் இருப்பவர் வேலைக்குப் போகும் வழியில் நனைவார்.

கடைசியாகச் செலவு. பேருந்து வைத்தால் சிறு நிறுவனங்கள் தாங்காது, ஓட்டுநர்கள் போதாது, வீடமைப்பும் பள்ளியும் எம்ஆர்டி பாதையும் தாமதமாகும், வீட்டு விலை ஏறும் என்கிறார்கள். இந்தக் கவலையை அலட்சியமாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. இரண்டு லாரியும் பதினைந்து ஆளும் வைத்துத் தொழில் நடத்தும் குத்தகைக்காரருக்குப் பேருந்து வாடகை உண்மையிலேயே பாரம்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று விவரம் தெரிந்த யாரும் கேட்கவில்லை. தேதி குறிக்கத்தான் கேட்கிறார்கள். நம்மைவிட விதிகளில் கறாரான நாடு என்று யாரும் சொல்லாத பஹ்ரைன், திறந்த லாரியில் தொழிலாளர்களை ஏற்றுவதை 2009இலேயே தடை செய்தது. கடலைத் தூர்த்து விமான நிலையம் கட்டிய நாம், இருக்கைக்குக் கணக்குப் போட முடியாமல் திணறுகிறோம். உண்மையில் அந்தச் செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. நம் வீட்டு விலையில் சேராமல் மிச்சமான காசை, லாரித் தளத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் முதுகெலும்பின் பேரில் கடனாகத் தந்திருக்கிறார். அந்தக் கடனை அடைக்கப் பணம் இல்லையென்றால், என் திட்டம் கைகொடுக்கும். சுற்றுப்பயணி ஒருவரிடம் 80 வெள்ளி வாங்குங்கள். காலையில் கிராஞ்சியிலிருந்து கட்டுமானத் தளம் வரை, மாலையில் மறுபடியும். வசூலாகும் தொகையில் ஊழியர்களுக்கு இருக்கைவாருள்ள பேருந்து வாங்கலாம். எல்லாரும் பேருந்துக்கு மாறிய பிறகு லாரிகளை முழுக்கச் சுற்றுலாவுக்கே விட்டுவிடலாம்.

ஆகவே, ‘கிராஞ்சி லாரிப் பயணம்’ என்ற சேவைக்கு உரிமம் வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் பயணத்தில் கழக உறுப்பினர்களும், கட்டுமான நிறுவன முதலாளிகளும், இதைப் படித்துத் தலையாட்டும் வாசகர்களும் தளத்தில் உட்கார்ந்து வந்தால் விளம்பரத்துக்கு நல்லது. உரிமம் தர இயலாது என்று முடிவு செய்தால் எனக்கு வருத்தமில்லை. ஒரு சுற்றுப்பயணியை ஏன் லாரியின் பின்னால் ஏற்றக்கூடாது என்பதற்கான காரணங்களை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பதிலின் நகல்களை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் மனிதவள அமைச்சுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்களுக்கு அது என்னைவிட அதிகம் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் ஒரு குடிமகன்