பெண்டியம் போட்ட துண்டு

386, 486 என்று ஜெயில் கைதி மாதிரி நம்பரோடு வாழ்ந்த இன்டெல் ப்ராசசர் வம்சத்தில், பெயரோடு பிறந்த முதல் வாரிசு பெண்டியம். நம்பருக்கெல்லாம் டிரேட்மார்க் கிடையாது என்று அமெரிக்கக் கோர்ட் கையை விரித்ததால் வந்த யோகம் அது. 1993-ல் பட்டாபிஷேகம், 1994-ல் அவமானம். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 வரவேண்டும், மகாராஜா 1.3337 என்றார். எங்கள் தெரு அரிசிக்கடைத் தராசு இதைவிடத் தாராளமாகத் தப்புப் பண்ணும். ஆனால் கடைக்காரர் அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்கியதில்லை. இன்டெல் ஒதுக்கியது.

கணக்குத் தப்பை ஊர் மறந்துபோன சமயத்தில், 1997 நவம்பரில் அடுத்தது வந்தது. இந்தத் தடவை கணக்கே வேண்டாம். எஃப்0 0எஃப் சி7 சி8. நாலே பைட். ஓட்டினால் மெஷின் ஹேங். மவுஸ் நகராது, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை மூன்று விரலும் தேய அமுக்கினாலும் பதில் வராது. ரீசெட் பட்டன்தான் கதி.

என்ன நடந்தது என்பதற்கு நம்ம ஊர் டவுன் பஸ் போதும். முதல் பைட் எஃப்0 என்பது லாக்: ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற வேலை. "மெமரியில் படித்து, ஒப்பிட்டு, எழுதி முடிக்கிற வரைக்கும் பஸ்ஸில் வேறு யாரும் ஏறக்கூடாது." அடுத்த இரண்டு பைட் அந்த ஒப்பிடும் வேலை. கடைசி சி8-தான் வில்லன். ஒப்பிட வேண்டிய சரக்கு மெமரியில் இல்லை, ப்ராசசரின் சொந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்கிறது அது. சட்டைப்பைக்குப் போக எதற்கு பஸ்? செல்லாத கட்டளை. பெண்டியத்துக்கும் அது புரிந்தது, பாவம். புகார் கொடுக்கக் கிளம்பியது. புகாரை யார் விசாரிப்பார் என்ற பட்டியல் மெமரியில், 6-ம் நம்பர் வரிசையில் இருக்கிறது. அதைப் படிக்க பஸ் ஏறவேண்டும். ஏறினால் சீட்டில் துண்டு! போட்டது தான்தான் என்பது மறந்து, படித்தவன் எழுதிவிட்டு இறங்குவான் என்று காத்திருந்தது. எழுத யாரும் இல்லை. இன்னும் காத்திருந்தது.

வீட்டு விண்டோஸ் 95-க்கு இது பெரிய செய்தியில்லை. அது யார் உதவியும் இல்லாமலேயே உறையும். வயிற்றைக் கலக்கியது நூறு பேர் ஒரே மெஷினில் லாகின் செய்யும் யுனிவர்சிடிகளில்தான். ரூட் பாஸ்வேர்ட் தேவையில்லை. முதலாமாண்டுப் பையன் ஒருவன் ஒரு வரி சி புரோகிராம் எழுதினால் தொண்ணூற்றொன்பது பேரின் வேலை காலி. உங்கள் மெஷினில் கோளாறு உண்டா என்று பார்க்கவும் அதே புரோகிராம்தான். செத்தால் உண்டு.

சிப்பை மாற்ற முடியாது, கோடிக்கணக்கில் விற்றாயிற்று. சில நாட்களில் பிறந்த வைத்தியம் அசல் திருட்டுத்தனம். பட்டியலின் முதல் ஏழு வரிசை, மொத்தம் 56 பைட், ஒரு மெமரிப் பக்கத்தின் கடைசியில் வருகிற மாதிரி நகர்த்தி, அந்தப் பக்கத்தையே "ஊரில் இல்லை" என்று அறிவித்துவிட்டார்கள். 6-ம் நம்பரைத் தேடி வரும் பெண்டியம் வாசலிலேயே தடுக்கி விழும். விழுந்ததில் துண்டு நழுவும். பக்கம் காணோம் என்ற புகாரை விசாரிக்கும் 14-ம் நம்பர்க்காரர் அடுத்த பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். "6-ஐத் தேடியா வந்தாய்?" என்று கேட்டு, ஆமென்றால் கைபிடித்து அங்கே அனுப்பிவைப்பார். குற்றவாளி புரோகிராம் மட்டும் சாகும், ஊர் பிழைக்கும்.

லினக்ஸ் 2.0.32-ல் இந்த ஏற்பாடு சேர்ந்தது. அதன்பிறகு பழைய பெண்டியத்தில் லினக்ஸ் பூட் ஆகும்போதெல்லாம், எஃப்0 0எஃப் வியாதி உண்டு, மருந்து கொடுத்தாகிவிட்டது என்று திரையில் ஒரு வரி ஓடும். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் மாப்பிள்ளையின் மூலவியாதியைச் சொல்கிற பாட்டி மாதிரி, ஒவ்வொரு தடவையும்.